ராகு காலத்தில் அழித்த ஃபைல்

அந்த இரண்டாவது ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அழித்தேனா?

நான்கு வருடங்களாக இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. திறந்து பார்த்தேன் என்று ஒரு நாள் தோன்றும். சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது, இல்லை, பெயரை மட்டும் பார்த்துவிட்டு அழித்தேன் என்று உறுதியாகத் தோன்றும். இரண்டே நாளில் அந்த உறுதியும் போய்விடும். ஒரு நிமிடம்கூட எடுத்திருக்காத காரியம். அதை இத்தனை தடவை நினைத்து நினைத்து, இப்போது என் மனதில் இருப்பது நடந்ததா, நானாகப் பிறகு சேர்த்துக்கொண்டதா என்றே தெரியவில்லை.

அப்போது நான் அருப்புக்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. மொத்தமே மூன்று பேர். லேபை நடத்தியவரை நாங்கள் சார் என்போம். மதுரையில் பல வருடம் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊருக்கு வந்து ஆரம்பித்தவர். அடுத்தது அக்கா. ரத்தம் எடுப்பது, பரிசோதனை செய்வது எல்லாம் அவர்தான். மூன்றாவது நான். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்திருந்தேன். ரிப்போர்ட்டை டைப் செய்து, பிரிண்ட் எடுத்து, சாரிடம் கையெழுத்து வாங்கிக் கவரில் போட்டுக் கொடுப்பது என் வேலை.

வேலை என்று பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் இன்றைக்கும் ஸ்பிரிட் பஞ்சு வாசம் வந்தால் எனக்கு அந்த மாடிதான் ஞாபகம் வருகிறது. காலையில் திருச்சுழியிலிருந்தும் பரளச்சியிலிருந்தும் முதல் பஸ்ஸில் வெறும் வயிற்றோடு ஆட்கள் வந்துவிடுவார்கள். ரத்தம் கொடுத்ததும் எதிரே இருக்கும் கடையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, இரண்டாவது தடவை ரத்தம் கொடுக்க இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரம் எங்கள் மாடி சந்தை மாதிரி இருக்கும். யார் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் ஊறியது, யார் மகளுக்கு எங்கே மாப்பிள்ளை பார்த்திருக்கிறது, மிளகாய் எப்படிக் காய்த்திருக்கிறது, எல்லாம் டைப் அடித்தபடியே என் காதில் விழும். பரளச்சி என் பிறந்த ஊர் என்பதால் பாதிப் பேர் எனக்கு ஏதோ ஒரு முறையில் சித்தப்பாவோ அத்தையோ ஆகிவிடுவார்கள்.

அக்கா நெசவாளர் குடும்பம். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ். எங்களிடம் கன்னடம் ஒரு வார்த்தை பேச மாட்டார். ஊசி குத்தும்போது மட்டும் வாய்க்குள் "ஒந்து, எரடு, மூறு" என்பார். மூன்று எண்ணி முடிப்பதற்குள் குழாயில் ரத்தம் ஏறியிருக்கும். ஒரு தடவை மாட்டுக்கு லாடம் அடிக்கிற, மீசை வைத்த ஒரு ஆள் கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மெதுவா குத்துத்தா. எனக்கு ஊசின்னாலே ஆகாது."

"ஏண்ணே, மாட்டுக்கு லாடம் அடிக்கிறப்ப நீங்க மெதுவாவா அடிச்சீக?"

"அது மாடு."

"அது கத்தவே இல்ல பாத்தீகளா" என்றார் அக்கா. காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஆளும் சிரித்தார். அதற்குள் பஞ்சை வைத்து அழுத்தியாகிவிட்டது.

எங்கள் இருவருக்கும் ஒரு வழக்கம் உண்டு. அக்கா முடிவுகளை நோட்டில் எழுதி வைத்து எனக்கு வாசிப்பார். நான் டைப் செய்வேன். பிறகு திரையில் இருப்பதை நான் திருப்பி வாசிப்பேன், அக்கா நோட்டில் டிக் போடுவார். அதோடு முடிய வேண்டியது. நான் மனது கேட்காமல் மூன்றாவது தடவையும் வாசிப்பேன்.

"ஏ தாயி, இது ரத்த ரிப்போர்ட்டா, கல்யாணப் பத்திரிகையா? எத்தன தடவதான் வாசிப்ப?" என்று கேட்டுவிட்டு, மூன்றாவது தடவையும் கேட்டுக்கொண்டுதான் நிற்பார்.

என் மகளுக்கு அப்போது பத்து மாதம். பாளையம்பட்டியில் அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் வருவேன். மதியத்துக்குள் மூன்று தடவை போன் செய்துவிடுவேன். தூங்கினாளா, பால் குடித்தாளா, மூக்கு அடைத்திருக்கிறதா. அத்தை பொறுமையாகத்தான் பதில் சொல்வார்கள். ஆனால் நான்காவது தடவை எடுக்க மாட்டார்கள். எடுக்காவிட்டால் எனக்குக் கை ஓடாது.

ஒரு நாள் சார் தரச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவரை அழைத்து வந்து லேபைக் காட்டினார். வந்தவர் ஃபிரிட்ஜைப் பார்த்தார், ஊசி போடும் குப்பைத் தொட்டியைப் பார்த்தார், கடைசியில் கம்ப்யூட்டர் முன்னால் நின்று ஒரு கேள்வி கேட்டார். இதில் இருக்கும் பழைய ரிப்போர்ட்டை யாராவது பிறகு திருத்தினால் உங்களுக்கு எப்படித் தெரியும்?

சார் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா ஊசிப் பெட்டியைப் பார்த்தார்.

அவர் போனதும் சார் சொன்னார்: "ஏம்மா, நீதான கம்ப்யூட்டரு படிச்ச புள்ள. அதுக்குன்னு ஏதாவது சாப்ட்வேரு இருக்கும்ல? பாரு."

இருந்தது. இலவசமாகவே கிடைத்தது. படித்துப் பார்த்தபோது அது செய்யும் வேலை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு ஃபைலையும் முழுதாக வாசித்து அதற்கு ஒரு கைரேகை மாதிரி ஒரு நீளமான எண்ணைக் கணக்கிட்டு எழுதி வைத்துக்கொள்ளும். பிறகு எப்போது கேட்டாலும் மறுபடி கணக்கிட்டு, பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஃபைலில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கைரேகை முழுதாக மாறிவிடும். இன்னின்ன ஃபைல் மாறியிருக்கிறது, இன்னின்னது புதிதாக வந்திருக்கிறது, இன்னின்னதைக் காணோம் என்று பட்டியல் கொடுத்துவிடும். என்னைப் போலவே ஒன்று, ஆனால் சலிக்காமல் பார்க்கும்.

லேபில் போடுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என் கணவரின் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். மகளின் போட்டோக்கள் இருந்த ஃபோல்டரைத்தான் கொடுத்தேன். கைரேகை எடுத்து முடித்ததும் ஒரு போட்டோவை லேசாகத் திருப்பிச் சேமித்தேன். அவள் குப்புற விழுந்த அன்று எடுத்த போட்டோ. மறுபடி ஓட்டினேன். அத்தனை போட்டோவில் அந்த ஒன்றின் பெயரை மட்டும் சரியாகச் சொல்லி, மாறிவிட்டது என்றது. எனக்குப் புல்லரித்துவிட்டது. மடியில் இருந்தவள் விசைப்பலகையைப் பட்டென்று அடித்தாள்.

"ஏங்க, இங்க வந்து பாருங்க" என்று கணவரைக் கூப்பிட்டேன்.

அவர் வந்து பார்த்துவிட்டு, "போட்டோவத் திருப்புனது நீதான. நீ செஞ்சத அது உனக்கே சொல்லுது. இதுல என்ன இருக்கு?" என்றார்.

அடுத்த புதன்கிழமை மகளுக்குத் தடுப்பூசி. லீவு போட்டேன். மறுநாள் காய்ச்சல், அன்றைக்கும் போகவில்லை. அந்த இரண்டு நாளும் லேபில் அக்கா தனியாக இருந்தார். நான் இல்லாத நாளில் அவர் நோட்டில் எழுத மாட்டார். கண்ணாடி ஸ்லைடில் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்த கையோடு என் மேசைக்கு வந்து நேரடியாக டைப் செய்துவிடுவார். அதற்கும் அவருக்கு ஒரு முறை இருந்தது. முந்தைய ஆளின் ரிப்போர்ட்டைத் திறப்பார், பெயரையும் எண்ணையும் முடிவுகளையும் மாற்றுவார், வேறு பெயரில் சேமிப்பார். புதிதாக ஒன்றைத் தொடங்குவதைவிட அது அவருக்குச் சுலபம். ஏதாவது விட்டுப்போனது தெரிந்தால் மறுபடி திறந்து திருத்தி, பெயருக்குப் பின்னால் ஒரு 1 போட்டுச் சேமிப்பார். சில சமயம் திருத்தம் ஒன்றும் இல்லாமல், சேமித்தோமா இல்லையா என்ற சந்தேகத்திலும் 1 போட்டு இன்னொரு தடவை சேமிப்பார். இதெல்லாம் எனக்குத் தெரியும். வாரக் கடைசியில் இரண்டு இரண்டாகக் கிடப்பவற்றை ஒழுங்குபடுத்துவதும் நான்தான்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கே போய்விட்டேன். ரிப்போர்ட்டுகள் எல்லாம் சாரின் அறையில் இருந்த கம்ப்யூட்டரில்தான் சேரும். அதில் மென்பொருளைப் போட்டேன். எந்த ஃபோல்டரைக் கவனிக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும், அளவைப் பார்க்க வேண்டுமா, தேதியைப் பார்க்க வேண்டுமா என்று அதற்கென்று இருக்கும் அமைப்புக் கோப்பில் வரி வரியாக எழுதினேன். எல்லாம் முடிந்தபோது மணி பத்து இருபது. முதல் கைரேகைப் பதிவைத் தொடங்க என்டர் தட்ட வேண்டியதுதான் பாக்கி.

நான் தட்டவில்லை. எழுதியதை இன்னொரு தடவை முதலிலிருந்து வாசித்தேன். ஒரு வரியில் சந்தேகம் வந்தது, சரிதான் என்று விட்டேன். மறுபடி வாசித்தேன். அந்தப் பத்து நிமிடத்தை நான் இப்போதும் நினைத்துக்கொள்வேன். நிமிர்ந்தபோது சார் பின்னால் நின்றிருந்தார்.

"மணி என்னம்மா?"

"பத்தரை ஆகப்போகுது சார்."

"வெள்ளிக்கிழம பத்தரை. ராகு காலம்மா. முத முதல்ல ஆரம்பிக்கிற காரியம். பன்னெண்டுக்கு மேல தட்டு."

அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "கம்ப்யூட்டருக்கு ஏது சார் ராகு காலம்? அது கரண்டுலதான ஓடுது."

"அந்தக் கரண்டே ராகு காலத்துலதான போகுது" என்றார் சார்.

எனக்கும் நல்ல நேரம் பார்க்காமல் எதையும் தொடங்கிப் பழக்கமில்லை. சரி என்று எழுந்து என் மேசைக்கு வந்தேன். ஒன்றரை மணி நேரம் சும்மா இருக்க மனம் வரவில்லை. முதல் பதிவு எடுக்கும்போது ஃபோல்டர் சுத்தமாக இருக்கட்டுமே என்று தோன்றியது. விருந்தாளி வருவதற்கு முன் வீட்டைப் பெருக்குவதைப் போலத்தான் நினைத்தேன். என் கம்ப்யூட்டரிலிருந்தே அந்த ஃபோல்டரைத் திறந்து, இரண்டு நாளாக அக்கா சேமித்திருந்ததை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தேன். பெயர் சரியில்லாதவற்றுக்குப் பெயர் மாற்றினேன். இரண்டு இரண்டாக இருந்தவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்தேன். முதல் நான்கைந்தைத் திறந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் அழித்தேன். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன.

அப்போது போன் வந்தது. அத்தை. அவர்களாகப் போன் செய்வது அபூர்வம்.

"பதறாத. பிள்ளைக்குத் திரும்ப உடம்பு சுடுது. அந்தச் சொட்டு மருந்து எத்தன சொட்டுன்ன?"

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு சொட்டுக் கணக்கைச் சொன்னேன். நெற்றியில் துணி போடச் சொன்னேன். அழுகிறாளா என்று கேட்டேன். அழுகிற சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் என் வலது கை மவுஸில் இருந்தது. வேலையை நிறுத்தவில்லை. திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துப் பெண்ணின் பெயரில் இரண்டு ஃபைல் இருந்தன. ஒன்று பெயர் மட்டும். இன்னொன்று பெயருக்குப் பின்னால் 1. அந்த 1 உள்ளதை அழித்தேன். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். நெட்வொர்க் வழியாக அழித்தால் அது குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாது. அப்படியே போய்விடும்.

அக்காவைக் கேட்டிருக்கலாம். எட்டு அடி தூரத்தில் ஒருவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். "அக்கா, இது ரெண்டு ஏன்?" என்று ஒரு வார்த்தை.

பன்னிரண்டு ஐந்துக்கு சார் திரையின் மேல் விளிம்பில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். நான் என்டர் தட்டினேன். சில நிமிடத்தில் முதல் பதிவு தயார். யாரும் மாற்ற முடியாதபடி அதை ஒரு சிடியில் எழுதிக் கொடுத்தேன். சார் அதை பீரோவில் வைத்துப் பூட்டினார். அக்கா வெள்ளைத் தாளில் கட்டிய காரச்சேவை எடுத்து வந்து, "முத போணி" என்று மூன்று பேருக்கும் பிரித்தார்.

மறுநாள் காலையில் சார் என்னைக் கீழே படியிலேயே பிடித்துக்கொண்டார். "ஏம்மா, ஊரே மாறிப்போச்சுங்குது உன் சாப்ட்வேரு!" போய்ப் பார்த்தால் பட்டியல் பக்கம் பக்கமாக ஓடியது. கம்ப்யூட்டர் தனக்குத்தானே தினமும் எழுதிக்கொள்ளும் குறிப்புகள், தற்காலிக ஃபைல்கள் என்று மாறிக்கொண்டே இருப்பவற்றையும், மாறவே கூடாதவற்றோடு சேர்த்துக் கவனிக்கச் சொல்லியிருந்தேன். அவற்றையெல்லாம் விலக்கி எழுதினேன். அத்தனை தடவை வாசித்தும் அது என் கண்ணில் படவில்லை பாருங்கள். அதற்குப் பிறகு தினமும் காலையில் ஒரு வரிதான் வரும். மாற்றம் எதுவும் இல்லை. அன்றன்று புதிதாக வரும் ரிப்போர்ட்டுகளை மாலையில் பதிவில் சேர்த்துவிட்டுக் கிளம்புவேன்.

அந்த மூன்று வாரம் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன் என்று நினைக்கிறேன். மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. சுவரைப் பிடித்து நிற்க ஆரம்பித்திருந்தாள். காலையில் அந்த ஒரு வரியைப் பார்த்ததும் நான் சத்தமாக "மாற்றம் இல்லக்கா" என்பேன். அக்கா உள்ளேயிருந்து, "எங்க வீட்டுலயும் இல்ல தாயி, அந்த மனுசன் அப்படியேதான் இருக்காரு" என்பார். தினமும் அதே கேலி. தினமும் சிரிப்பேன். படித்த படிப்புக்கு ஒரு வேலை செய்தோம் என்ற நினைப்பு எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் இல்லை.

மூன்று வாரம் கழித்து அந்தத் திருச்சுழிப் பக்கத்துப் பெண்ணும் அவள் கணவரும் வந்தார்கள். அவளுக்கு நான்காவது மாதம். ரத்தம் கொடுத்த கையோடு இருவரும் கோயம்புத்தூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டதால் ரிப்போர்ட்டை அப்போது வாங்கவில்லை. வாங்க வந்தால்தான் நாங்கள் பிரிண்ட் எடுப்போம். இரண்டு நாள் முன்புதான் கணவர் வந்து கேட்க, நான்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். ரத்த வகை ஓ நெகட்டிவ் என்று இருந்தது. தாய்க்கு நெகட்டிவ் என்றால் பிள்ளைக்காகத் தனியாகக் கவனிக்க வேண்டும், ஊசி போட வேண்டியிருக்கும். அதைக் கொண்டுபோய்க் காட்டியதும் ஆஸ்பத்திரியில் மறுபடி சோதித்திருக்கிறார்கள். ஓ பாசிட்டிவ்.

"எந்த லேபுல எடுத்தீகன்னு அந்த நர்ஸம்மா கேக்குறாக. சொல்லவே எனக்குக் கூச்சமா இருந்துச்சு" என்றார் கணவர். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ரெண்டு நாளா இவுக சோறே திங்கல" என்றாள் அந்தப் பெண். "பிள்ளைக்கு ஆகாதுன்னு எவரோ சொல்லிட்டாக. என்னையப் பாக்குறதும் வெளிய போறதுமா இருந்தாக."

சார் தானே அவளுக்கு ரத்தம் எடுத்து, அவர்கள் கண் முன்னாலேயே ஸ்லைடில் சோதித்துக் காட்டினார். மருந்துச் சொட்டில் ரத்தம் பால் திரிவதைப் போலத் திரிந்தது. பாசிட்டிவ். மன்னிப்புக் கேட்டு, புது ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து அனுப்பினார். அவர்கள் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"அந்த ஃபைலு எப்ப மாறுச்சுன்னு பாரும்மா."

ஓட்டிப் பார்த்தேன். மாற்றம் இல்லை. பீரோவிலிருந்து சிடியை எடுத்து அதோடும் ஒப்பிட்டேன். இல்லை. அப்போது நான் ஒரு வாக்கியம் சொன்னேன். தெரிந்தவள் சொல்வதைப் போலச் சொன்னேன்.

"மாறல சார். அக்கா போட்டது போட்டபடியே இருக்கு."

மென்பொருள் அப்படிச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு ஐந்திலிருந்து மாறவில்லை என்றுதான் சொன்னது. அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று அதற்குத் தெரியாது. படித்த எனக்கு அந்த வித்தியாசம் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அது என் மனதில் வரவே இல்லை. இது சத்தியம்.

அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "நான் பாசிட்டிவ்னுதான் பாத்தேன் சார். திரிஞ்சுச்சு. நல்லாத் திரிஞ்சுச்சு."

"எத்தனையோ பேருக்குப் பாக்குறீக. மூணு வாரம் முந்தி பாத்தது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். ஸ்லைடு ஞாபகம் இருக்கு. முத தப்பா அடிச்சு, பெறகு திருத்துன மாதிரியும் இருக்கு."

"மாதிரி இருக்குங்கிறதுக்கு நான் என்ன செய்யட்டும்? மிஷினு சொல்றதத்தான எடுத்துக்கணும்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாளையம்பட்டிக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அந்த 1 ஞாபகம் வந்தது. போன், சொட்டு மருந்து, அழுகைச் சத்தம், பிறகு அந்தப் பெயர். திருத்தின மாதிரி இருக்கு என்று அக்கா சொன்னாரே, அந்தத் திருத்தம் எந்த ஃபைலில் இருந்திருக்கும்? என் நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

மறுநாள் சீக்கிரமே போய் சிடியில் இருந்த பட்டியலைத் தேடினேன். அந்தப் பெயரில் ஒரே ஒரு ஃபைல்தான் இருந்தது. இருக்கத்தானே செய்யும், அழித்துவிட்டுத்தானே பட்டியலே எடுத்தேன். சார் சனிக்கிழமைதோறும் பென் டிரைவில் எடுத்து வைக்கும் பிரதியிலும் ஒன்றுதான். புதன்கிழமைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் நடுவில் யாரும் பிரதி எடுக்கவில்லை. பத்து இருபதுக்கு நான் என்டர் தட்டியிருந்தால், அந்த ஃபைலைக் காணோம் என்று அதே மென்பொருள் மறுநாள் காலையில் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கும்.

அக்கா வரவில்லை.

"அவுகளே நின்னுக்கிறேன்னு போன் பண்ணிட்டாக. நான் போகச் சொல்லல" என்றார் சார்.

நான் சாரிடம் சொன்னேன். அன்றைக்குச் சில ஃபைல்களை அழித்தேன், அதில் அந்தப் பெண்ணின் இன்னொரு ஃபைலும் இருந்தது என்று. சார் காதில் வாங்கியும் வாங்காமலும், "அதான் ஒண்ணும் மாறலன்னு உன் சாப்ட்வேரே சொல்லுதேம்மா. நீயாப் போட்டுக் குழப்பிக்காத" என்றார். மறுபடி விளக்கியிருக்க வேண்டும். ஒரு தாளை எடுத்து, இது புதன், இது வெள்ளி, இது பன்னிரண்டு ஐந்து என்று கோடு போட்டுக் காட்டியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். நான் சரி சார் என்றேன். எனக்கே அப்போது பாதிதான் நிச்சயம் என்று சொல்லிக்கொண்டேன். வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

மகளின் காதுகுத்துக்குச் சொல்லும் சாக்கில் அக்கா வீட்டுக்குப் போனேன். அன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அக்காவின் நாத்தனார், அவர் பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பெண் என்று வீடு நிறைய ஆட்கள். காபி கொடுத்தார்கள். பத்திரிகையைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். காதுகுத்துக்கு அக்கா வந்தார். என் மகளைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஆசாரி கம்பியை எடுத்ததும் அவள் காதோரம் "ஒந்து, எரடு" என்றார். மூன்று வருவதற்குள் இரண்டாவது காதும் முடிந்திருந்தது. மாமன் மடியில் உட்கார வைத்திருந்தால்கூடப் பிள்ளை இப்படி அழாமல் இருந்திருக்க மாட்டாள் என்று அத்தை எல்லோரிடமும் சொன்னார்கள். அன்றும் நான் சொல்லவில்லை.

மகளைப் பள்ளியில் சேர்த்ததும் நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். இப்போது வீட்டிலிருந்தே ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேண்டிய கம்ப்யூட்டர் வேலைகளைச் செய்து கொடுக்கிறேன். போன மாதம் மகளோடு மதுரைக்குப் போனபோது காரியாபட்டி வரைக்கும் அக்கா அதே பஸ்ஸில் வந்தார். பார்த்ததும் என் பக்கத்தில் இருந்தவரை எழுப்பி இடம் மாற்றி உட்கார்ந்துகொண்டார். மகளின் கன்னத்தைக் கிள்ளி, "யாரு இது, அந்தச் சொட்டு மருந்துக்காரியா?" என்றார். சேவு வாங்கிக் கொடுத்தார். மதுரையில் உள்ள ஒரு லேபுக்காக ஊர் ஊராகப் போய் ரத்தம் மட்டும் எடுத்து அனுப்புகிறாராம்.

"ஸ்லைடு பாக்குறது இல்லையாக்கா?"

"இல்ல தாயி. அத விட்டுட்டேன். கூப்பிட்டாக, நான்தான் மாட்டேன்னுட்டேன்." சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "அன்னைக்கு அந்தத் திருச்சுழிப் பிள்ளைக்குத் திரிஞ்சத என் ரெண்டு கண்ணால பாத்தேன். அப்பறம் பாத்தா நெகட்டிவ்னு அடிச்சிருக்கேன். கண்ணு பாத்தத கை அடிக்கலன்னா, அந்தக் கண்ண நான் எப்படி நம்புறது? ஒரு உசுரு காரியம்ல."

நான் வாயைத் திறந்தேன். மகள் சன்னலோரம் போக வேண்டும் என்று என் மடி மீது ஏறினாள். காரியாபட்டி வந்துவிட்டது. "வாரேன் தாயி" என்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

அவருக்கு என் மேல் வருத்தம் இருக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதற்குப் பயந்துதான் சொல்லாமல் இருந்தேன் போலிருக்கிறது. அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை. தன்னைச் சந்தேகப்பட்டு, தனக்குத் தெரிந்த வேலையை விட்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அழிச்ச ஃபைல்ல என்ன இருந்துச்சுன்னு உனக்கே தெரியாது. தெரியாத ஒண்ணச் சொல்லி அவுகளுக்கு என்ன ஆகப்போகுது? ரெண்டுலயும் நெகட்டிவ்னே இருந்திருந்தா?" என்றார். அதுவும் நியாயம்தான். அப்படி இருந்தால் நான் ஆறுதல் சொல்லப் போய் ஒரு பொய்யைக் கொடுத்துவிட்டு வந்தவள் ஆவேன். அதை நம்பி அவர் மறுபடி ஸ்லைடு பார்க்கப் போய், உண்மையிலேயே ஒரு தப்பு நடந்துவிட்டால்? ஆனால் அந்த இரண்டாவது ஃபைலில் பாசிட்டிவ் என்று இருந்திருந்தால், நான் வாய் திறக்காத ஒவ்வொரு நாளும் அவர் செய்யாத தப்பைச் சுமந்துகொண்டு பஸ் ஏறிக்கொண்டிருக்கிறார். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள இனி வழியே இல்லை. தெரிந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தால் கடைசி வரைக்கும் சொல்லவே முடியாது.

அவருடைய போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. இரண்டு தடவை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். என்ன வார்த்தையில் தொடங்குவது என்று தெரியவில்லை. "நான்தான்" என்று தொடங்கினால் அது முழு உண்மையில்லை. "நானாகவும் இருக்கலாம்" என்று தொடங்கினால், தப்பித்துக்கொள்ளப் பேசுவதைப் போல எனக்கே கேட்கிறது. போனில் சொல்வதா, நேரில் போவதா? சாரிடம் முதலில் போய், அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, பிறகு அக்காவிடம் போவதா? இல்லை, என் மனபாரத்தை இறக்கி வைக்க அவருடைய ஆறின புண்ணைக் கிளறுகிறேனா?

இதை வாசிக்கிறவர்களில், நிச்சயமில்லாத ஒரு தப்பை யாரிடமாவது போய் ஒப்புக்கொண்டவர்கள் இருக்கலாம். அப்படி ஒருவர் வந்து சொல்லக் கேட்டுக்கொண்டவர்களும் இருக்கலாம். கேட்டுக்கொண்டவர்கள் சொல்வதைத்தான் நான் முக்கியமாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அது உங்களுக்கு உதவியாக இருந்ததா, அல்லது அவர்கள் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியதா? நீங்கள் என் இடத்தில் இருந்தால் முதல் வாக்கியமாக என்ன சொல்வீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.